வெளியிடத்தில் ஜோடிப் படம்: புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒருவரைத் தனியாக நிறுத்தி அழகாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்கூட, இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தும்போது தடுமாறிப்போவார். முகம் இரண்டு, உயரம் இரண்டு, கூச்சமும் இரண்டு மடங்கு. புதிதாக எடுக்க வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஓர் எண்ணம் இருக்கிறது: ஜோடிப் படத்தில் கவனிக்க வேண்டியது அந்த இருவருக்கும் நடுவில் இருக்கிற இடம். அதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் வெளிச்சம், ஃபோகஸ், போஸ் மூன்றையும் எதற்காகச் சரிசெய்கிறோம் என்பது தெளிவாகிவிடும்.

இடத்துக்குப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வெளிச்சத்தை. பூத்து நிற்கும் மரமும் பழைய மரக்கதவும் கண்ணை இழுக்கும். அதற்கு முன்னால் ஜோடியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அப்புறம் முகத்தில் விழும் நிழலோடு மல்லுக்கட்டுவதுதான் தொடக்கத்தில் நடப்பது. அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் வெளிச்சம், அடுத்து அந்த இருவர், கடைசியில் பின்னணி.

ஓர் எளிய வழி சொல்கிறேன். ஜோடி வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது விரல் இடுக்குகளில் கறுப்புக் கோடுகள் விழும். இன்னொரு பக்கம் கை தட்டையாக, களையில்லாமல் தெரியும். நடுவே ஓர் இடத்தில் ரேகைகள் மென்மையாகவும் விரல்கள் உருண்டு திரண்டும் தெரியும். அங்கே நில்லுங்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அவர்கள் முகமும் பார்க்க வேண்டும்.

நிழல் நல்லதுதான், ஆனால் நிழலின் ஓரம்தான் வேண்டும். கட்டட நிழலோ மதில் நிழலோ முடிகிற கோட்டிலிருந்து இரண்டு எட்டு உள்ளே நிறுத்தி, வெளியே திறந்த வானத்தைப் பார்க்கும்படி திருப்பினால் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இல்லாத கண் தூங்கி வழிவதுபோல் இருக்கும். இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒருவர் மூக்கில் ஒரு வெள்ளைப் பொட்டு, மற்றவர் நெற்றியில் ஒன்று என்று விழுந்தால், எடிட்டிங்கில் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் சுத்தமாகப் போகாது. வெயில் காயும் பச்சைப் புல்வெளியும் ஏமாற்றும். தாடைக்கு அடியில் பச்சை நிறம் ஏறிவிடும்.

மதியம்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. உச்சி வெயிலில் என்ன செய்வது?

நிழல் இருந்தால் நிழலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் இருவரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். முகத்தில் நேராக வெயில் விழுந்தால் கண் சுருங்கும், புருவத்தின் நிழல் கண்குழியில் இறங்கும். முதுகு காட்டி நின்றால் முகம் முழுவதும் ஒரே சீரான நிழலுக்குள் வரும், முடியின் ஓரத்தில் ஒளிக்கோடு விழும்.

ஜோடிப் படத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள், வெயில் பக்கவாட்டில் வருகிறது என்றால், ஒருவர் முகம் பளிச்சென்றும் மற்றவர் முகம் இருட்டாகவும் இருக்கும். சில சமயம் ஒருவர் தலையின் நிழலே மற்றவர் கன்னத்தில் விழுந்து கிடக்கும். இருவரையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போங்கள், நீங்களும் கூடவே நகருங்கள். இரண்டு முகத்துக்கும் சம அளவு வெளிச்சம் வரும் கோணம் ஒன்று அகப்படும்.

எதிரே வெள்ளைச் சுவரோ வெளிர்நிறத் தரையோ இருந்தால் அதுவே இலவச ரிஃப்ளெக்டர், அதாவது வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும் பலகை. கையில் ரிஃப்ளெக்டர் வைத்திருந்தால் வெள்ளைப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வெள்ளிப் பக்கம் கண்ணைக் கூசவைக்கும். ஃப்ளாஷ் போடுவதாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் ஸ்பீட் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/200 அல்லது 1/250 நொடி அளவில்தான் இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் ஹை ஸ்பீட் சிங்க் வசதி தேவை.

மாலைப் பொன்வெயில் எவ்வளவு நேரம் இருக்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும்போதுதான் அந்த நிறம் நன்றாக வரும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறத்தாழ நேராக இறங்குவதால் கையில் கிடைப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. துருவங்களை நோக்கிப் போகப் போகச் சாய்வாக இறங்கும், நேரமும் நீளும்.

அதனால் இடம் தேடுவது, கூச்சம் தெளிவது, உட்கார்ந்து எடுக்கும் படங்கள் எல்லாவற்றையும் முன்னாலேயே நிழலில் முடித்துவிட்டு, பொன்வெயிலுக்கு ஒரே ஓர் இடத்தை ஒதுக்கி வையுங்கள். சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிவிடாதீர்கள். அடுத்த பத்து, பதினைந்து நிமிடம் வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காக மாறி, முகத்தில் நிழலே இல்லாத ஒரு வெளிச்சம் தரும். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த நேரம்.

பின்னால் வானம் அழகாக வருகிறது, முகம் மட்டும் கறுத்துப்போகிறதே?

ஃப்ரேமில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். பின்னால் பிரகாசம் அதிகமானால் மொத்தப் படத்தையும் இறக்கிவிடும், அதோடு முகமும் இறங்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை) +1-க்கு ஏற்றி ஒன்று எடுத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். அல்லது ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வையுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும். முகத்துக்காகத்தான் அந்தப் படம். இரண்டும் வேண்டுமென்றால் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக) எடுங்கள், பிற்பாடு மீட்க இடமிருக்கும்.

சூரியன் நேராக லென்ஸில் அடித்துப் படம் புகைபோல் வெளிறினால், நீங்கள் அரை எட்டு நகர்ந்து, சூரியனை அவர்களில் ஒருவர் தலைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள்.

ஒருவர் முகம் தெளிவாக இருக்கிறது, மற்றவர் மங்கலாக இருக்கிறார். ஏன்?

ஜோடிப் படத்தில் மனதை மிகவும் நோகடிக்கும் தவறு இதுதான். தொடக்க நாட்களில் ஒரு ஜோடியை 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து (இது லென்ஸின் துளையான அபெர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு) ஒரு மாலை முழுவதும் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றும் அருமையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினேன். அந்தப் பெண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற கணவரின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புக் கறைகள். இருவரும் தங்களை மறந்து சிரித்த படம் ஒன்று இருந்தது; அதையும் கொடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கணக்கு இதுதான். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. தோளுக்குப் பின்னால் நிற்பவரின் கண் அதற்குள் வர வாய்ப்பே இல்லை. எஃப் 4-க்குப் போனால் அது சுமார் 13 செ.மீ. ஆகும். அதே எஃப் 4-இல் 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் சுமார் 30 செ.மீ. கிடைக்கும். ஒரே ஓர் எட்டுப் பின்னால் வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள்.

ஆகவே இரண்டு பேர் என்றால் எஃப் 4-இல் தொடங்குங்கள். அப்புறம், இரண்டு பேரின் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களை அசைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அசைத்தால் அது கலைந்துவிடும். நீங்கள் பக்கவாட்டில் நகருங்கள். ஓர் எட்டு இடமோ வலமோ போனாலே இரண்டு முகமும் சமதூரத்துக்கு வந்துவிடும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உங்கள் கேமராவில் இருந்தால், அது ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவும் என்பதை மனதில் வைத்து, எந்த முகம் என்று நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். முன்னால் இருப்பவரின் கண் தெளிவாக இருப்பதுதான் பார்க்க இயல்பாக இருக்கும்.

எஃப் 4 வைத்தால் பின்னணி கரையாதே என்று கவலை வேண்டாம். ஜோடியைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், பின்னணியிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். தன்னால் கரையும்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

இருப்பதை வைத்து எடுங்கள். கிட் லென்ஸாக (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸாக) இருந்தால் 50 மி.மீ.-க்கு மேலே வைத்துப் பழகலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 போதும்; ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் அது ஏறக்குறைய 75 முதல் 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், முகத்துக்கு நன்றாக இருக்கும். மூக்கு பெரிதாகத் தெரிவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் நீங்கள் மிக அருகில் நிற்பதுதான் காரணம்.

ஷட்டர் ஸ்பீட்?

நிற்கும்போது 1/250, நடக்கும்போது 1/500, சுற்றினாலோ ஓடினாலோ 1/1000. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறனை) ஏற்றுங்கள். புள்ளிப்புள்ளியாகத் தெரியும் படத்தை ஏற்றுக்கொள்ளலாம், அசைந்துபோன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேமராவைத் தூக்கியதும் இருவரும் மரம் மாதிரி நிற்கிறார்கள். எப்படி இயல்பாக்குவது?

"சிரிங்க" என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய் மட்டும் சிரிக்கும், கண் உங்களையே பார்த்துப் பயந்துகொண்டிருக்கும். அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள். "கையைக் கோத்துக்கிட்டு என்னை நோக்கி நடந்து வாங்க, ஆனா என்னைப் பார்க்க வேண்டாம்." "அவங்க காதுல இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு ரகசியமா சொல்லுங்க." இரண்டாவதைச் சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு ஒரு நொடி இருக்கிறதே, இருவரும் மூச்சு விட்டு ஒருவரையொருவர் பார்க்கும் நொடி, அதற்காகத்தான் அவ்வளவும். ஆகவே சொன்னது நடந்து முடிந்ததும் கேமராவை இறக்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று விநாடி கண்ணிலேயே வைத்திருங்கள்.

ஒருமுறை ஓர் இளம் ஜோடி, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் விறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கணவருடைய சட்டையின் ஒரு கை மடிப்பு அவிழ்ந்து தொங்கியதைப் பார்த்து, "அதைக் கொஞ்சம் மடிச்சு விடுங்களேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து, ஒவ்வொரு மடிப்பாக நீவி நீவி மடித்தார். கணவர் கையை நீட்டிக்கொண்டு, அவருடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விறைத்திருந்த தோள் இறங்கியிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் நான்கைந்து எடுத்தேன். அவர்கள் பெரிதாக அச்சுப் போட்டுக் கேட்டது அந்தப் படத்தைத்தான். அன்றிலிருந்து காலர், முடி, வளையல், ஷூ நாடா என்று ஒருவர் மற்றவருக்குச் சரிசெய்துவிட ஏதாவது கிடைக்குமா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

முதல் பதினைந்து நிமிடப் படங்களில் எதுவும் தேறாவிட்டாலும் பரவாயில்லை, அது கூச்சம் தெளிகிற நேரம். அந்த நேரத்தில் நீங்கள் மௌனமாகிவிடாதீர்கள். திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினால், தாங்கள்தான் சரியாக நிற்கவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நீங்கள் ஐஎஸ்ஓவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். "ஒரு நிமிஷம், லைட் சரிபார்க்கிறேன், நீங்க நல்லாத்தான் நிக்கிறீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நல்ல படம் ஒன்று விழுந்ததும் அதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் நிற்கும் விதமே மாறும்.

இன்னொன்று. பொது இடத்தில் எவ்வளவு நெருக்கமாக நிற்க விருப்பம் என்று முன்கூட்டியே இருவரிடமும் கேட்டுவிடுங்கள். நெருங்காமலே நல்ல ஜோடிப் படம் எடுக்க முடியும். இரண்டு அடி தள்ளி நின்று ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையில் எவ்வளவோ இருக்கிறது. தோளையோ கையையோ நீங்களே தொட்டுத் திருப்பாதீர்கள்; நீங்கள் நின்று காட்டுங்கள், அவர்கள் பார்த்துச் செய்வார்கள்.

கைகளை என்ன செய்யச் சொல்வது?

சும்மா தொங்கும் கை படத்தில் உயிரற்றுத் தெரியும். தோளில், இடுப்பில், சட்டைப் பையில், மற்றவர் கைக்குள் என்று எங்காவது போய்ச் சேரட்டும், ஆனால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மெல்லத் தொட்டால் போதும். புறங்கை அப்படியே கேமராவைப் பார்த்தால் பெரிதாகத் தெரியும், சற்றே சாய்த்துக் கையின் ஓரம் தெரியும்படி வையுங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் கைகளை எண்ணுங்கள். இடுப்புக்குப் பின்னாலிருந்து நான்கு விரல் மட்டும் எட்டிப் பார்த்தால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஒன்று கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது முழுதாக மறைத்துவிடுங்கள். போன், சாவி எல்லாம் பையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். பேண்ட்டில் புடைத்துத் தெரியும் போன் நல்ல படத்தைக் கெடுத்துவிடும்.

இருவருக்கும் உயர வித்தியாசம் அதிகம் என்றால்?

அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. உயரமானவரின் மார்பில் மற்றவர் தலை சாய்வது, நெற்றியில் கன்னம் படுவது எல்லாம் அந்த வித்தியாசம் தருகிற வரங்கள். குறைக்கத்தான் வேண்டுமென்றால் படிக்கட்டில் உயரமானவரை ஒரு படி கீழே நிறுத்தலாம், இருவரையும் உட்கார வைக்கலாம், அல்லது உயரமானவரைக் கால்களைச் சற்று அகட்டி நிற்கச் சொல்லலாம். முதுகைக் குனியச் சொல்லாதீர்கள், கூன் விழுந்ததுபோல் இருக்கும்.

ஒருவர் நிறம் கறுப்பு, மற்றவர் வெளுப்பு. வெளிச்சத்தை எப்படி அளப்பது?

இடம் மாற்றி நிறுத்துவதுதான் நல்ல வழி. கறுப்பாக இருப்பவரை வெளிச்சம் வரும் பக்கத்தில் நிறுத்துங்கள், மற்றவர் ஒரு கை அகலம் தள்ளி இருக்கட்டும். வெளிச்ச அளவை, வெளுத்த முகம் விவரம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடாதபடி வைத்துக்கொண்டு, மற்றவர் முகத்தின் நிழல் பகுதியை எடிட்டிங்கில் சற்றே தூக்கலாம். ஒருவரை இன்னொருவர் நிறத்துக்குக் கொண்டுவரும் எடிட்டிங்கை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே ஒருவரையொருவர் விரும்பித்தான் உங்கள் முன்னால் நிற்கிறார்கள்.

மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது.

கண்ணாடியின் காதுப் பக்கக் கம்பியை இம்மியளவு மேலே தூக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும், வானம் அதில் தெரியாது.

ஃப்ரேம் அமைக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

அடிவானக் கோடு இருவர் கழுத்தையும் குறுக்கே வெட்டுவது, தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைப்பது. இரண்டும் கேமராவைக் கொஞ்சம் ஏற்றினால் அல்லது இறக்கினால், ஓர் எட்டு நகர்ந்தால் சரியாகிவிடும். ஆளைப் பாதியில் வெட்டும்போது முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் போன்ற மூட்டுகளில் வெட்டாதீர்கள். தொடை நடுவில் வெட்டலாம். முழு உருவத்துக்குக் கேமரா இடுப்பு உயரத்திலும், பாதி உருவத்துக்கு மார்பு உயரத்திலும் இருந்தால் உடல் அளவுகள் சரியாக வரும்.

ஒவ்வொரு இடத்திலும் தூரத்திலிருந்து ஒன்று, இடுப்பு வரை ஒன்று, முகம் மட்டும் ஒன்று, கோத்த கைகள் மட்டும் ஒன்று என்று எடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பத்து இடத்தில் ஒரே மாதிரிப் பத்து எடுப்பதைவிட இதில் பலன் அதிகம்.

கேமரா இல்லை, போன்தான் இருக்கிறது. முடியுமா?

தாராளமாக. இதுவரை சொன்ன வெளிச்சம், நிற்கும் விதம் எல்லாம் போனுக்கும் பொருந்தும். அகலக் கோண லென்ஸில் கிட்டப் போய் எடுக்காமல், 2 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில் தள்ளி நின்று எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் இருவர் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பறக்கும் முடியையும் பெரிதாக்கிப் பாருங்கள், போன் தப்பாக மங்கலாக்குவது அங்கேதான். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள்.

பழகுவதற்கு ஜோடி கிடைக்கவில்லை.

நண்பர்கள் இருவர், அம்மாவும் பாட்டியும், அண்ணன் தம்பி, யாராக இருந்தாலும் சரி. இரண்டு முகத்தை ஒரே ஃபோகஸில் கொண்டுவருவதும் இரண்டு பேருக்கும் வெளிச்சம் பகிர்வதும் ஒரே பாடம்தான். வீட்டுக்கு வந்ததும் நான்கு கண்களையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த அபெர்ச்சரில், எவ்வளவு தூரத்தில் தவறியது என்று எழுதி வையுங்கள். நான்கைந்து முறை செய்தால் கை தானாக எஃப் 4-க்குப் போகும்.

எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு நாள் போகட்டும். முதல் சுற்றில் கண் மூடியவை, ஃபோகஸ் பின்னால் இருந்த செடியில் விழுந்தவை எல்லாவற்றையும் தள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் படங்களைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவில் முகபாவம் தெரியாது. இரண்டு உருவங்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அப்போதும் கண்ணை நிறுத்துகிற படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரே மாதிரி நான்கு இருந்தால் ஒன்றை மட்டும் கொடுங்கள். முடி கலைந்திருக்கிறது, ஆனால் இருவரும் நிஜமாகவே சிரிக்கிறார்கள் என்றால் அந்த ஒன்றையே கொடுங்கள்.